பழைய கார்களின் எஞ்சின் குளிர்விப்பு விசிறி

எஞ்சின் குளிர்விப்பு விசிறி என்பது ரேடியேட்டரின் ஊடாகக் காற்றைச் செலுத்தி, எஞ்சினைச் சுற்றிவரும் சூடான நீரைக் குளிரவைக்கும் பாகம் ஆகும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் இது ரப்பர் பெல்ட்டால் சுழற்றப்படுகிறது. மாருதி 800 போன்ற பிற்காலக் கார்களில் தனி மின்மோட்டாரால் சுழல்கிறது. கார் சூடேறினால் பலரும் முதலில் சந்தேகிப்பது விசிறியைத்தான். ஆனால் சூடேற்றத்துக்குக் காரணம் எப்போதும் விசிறியாக இருப்பதில்லை. சூடு எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே கோளாறு விசிறியிலா, வேறு இடத்திலா என்பதைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். இதைக் கவனிக்காமல் பெரிய விசிறியை மாற்றிப் போட்டு ஓட்டினால், உண்மையான கோளாறு மறைந்தே இருந்து சிலிண்டர் ஹெட் வளைவது, ஹெட் கேஸ்கட் எரிவது போன்ற பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

விசிறி எப்போது தேவைப்படுகிறது

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீருக்குச் செல்கிறது. இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதே சக்கரத்தைச் சுழற்றவும் உராய்வை ஈடுசெய்யவும் பயன்படுகிறது.

கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது மணிக்கு 1 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. கணக்கிட்டால் இது சுமார் 9 கிலோவாட் ஆகும். இதில் மூன்றில் ஒரு பங்கான 3 கிலோவாட் ரேடியேட்டருக்கு வரும். 2,000 வாட் மின் அடுப்பு ஒன்றரை அளவுக்கு எரிவதற்கு இது சமம். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 20° செ. சூடேறி இந்த வெப்பத்தை எடுத்துச் செல்ல வேண்டுமானால், நொடிக்கு ஏறக்குறைய 130 லிட்டர் காற்று தேவை. நிற்கும் காரில் இந்தக் காற்றை விசிறி மட்டுமே தர முடியும்.

அதே கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது முன்னாலிருந்து நொடிக்கு சுமார் 17 மீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. ரேடியேட்டரின் முகப்பு 0.2 சதுர மீட்டர் என்றும், வரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கே அதனுள் நுழைகிறது என்றும் வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 650 லிட்டருக்கு மேல் காற்று கிடைக்கும். எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் ஐந்து மடங்கானாலும் இந்தக் காற்றே அதற்குப் போதும். அப்போது விசிறி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே விசிறியின் உண்மையான வேலை நெரிசலிலும், சிக்னலிலும், குறைந்த வேகத்தில் மலை ஏறும்போதும்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு எஞ்சின் முழுப் பாரத்துடன் உழைக்கிறது, வண்டியின் வேகமோ மிகக் குறைவு.

விசிறியின் வகைகள்

பெல்ட் விசிறி: பெரும்பாலும் வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடும் வரை இதுவும் ஓடும். இதற்கு ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் எதுவும் இல்லாததால் கோளாறுகள் குறைவு. குறை என்னவென்றால், தேவைப்படும் நேரத்தில் இது மெதுவாகவும் தேவைப்படாத நேரத்தில் வேகமாகவும் சுழல்கிறது. விசிறியின் வேகம் 4 மடங்கானால் காற்றும் 4 மடங்காகும். ஆனால் அதைச் சுழற்றத் தேவையான திறன் 64 மடங்காகும். நெடுஞ்சாலையில் கேட்கும் இரைச்சலுக்கும் எரிபொருள் இழப்புக்கும் இதுவே காரணம்.

கிளட்ச் விசிறி: இதிலும் பெல்ட் உண்டு. ஆனால் விசிறிக்கும் தண்டுக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடாக இருந்தால், கிளட்ச்சின் முன்பக்கம் உள்ள ஈருலோகச் சுருள் விரிந்து எண்ணெய்க்கு வழி திறக்கிறது. அப்போது விசிறி இறுகி வேகமாகச் சுழலும். காற்று குளிர்ந்தால் நழுவிச் சுழலும். டொயோட்டா குவாலிஸ் போன்ற டீசல் வண்டிகளில் இவ்வகை காணப்படுகிறது.

மின்விசிறி: எஞ்சினைக் குறுக்காக வைக்கும் முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின் தண்டின் முனை ரேடியேட்டரை நோக்கி இருப்பதில்லை. அதனால் விசிறிக்குத் தனி மோட்டார் வைக்கப்பட்டது. 1983-இல் வந்த மாருதி 800 மூலம் இம்முறை இந்தியச் சாலைகளில் பரவலாக அறிமுகமானது. ரேடியேட்டர் அல்லது எஞ்சினின் நீர்ப்பாதையில் உள்ள வெப்ப சுவிட்ச், நீர் ஒரு குறிப்பிட்ட சூட்டை அடைந்ததும் விசிறியை ஓடவிட்டு, சில பாகை குறைந்ததும் நிறுத்திவிடும். பல கார்களில் இது 90° செ.-ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ நிகழும். எஞ்சினின் வேகம் எதுவாயினும் இது முழுவேகத்தில் சுழலும் என்பது இதன் சிறப்பு.

சூடு ஏறும் நேரமும் கோளாறின் இடமும்

1. நிற்கும்போது சூடேறி, வண்டி ஓடத் தொடங்கியதும் சூடு இறங்கினால், பெரும்பாலும் கோளாறு விசிறியிலோ, விசிறிக் கூட்டிலோ, பெல்ட்டிலோ இருக்கும். ஓடும்போது வெளிக்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுவதே சூடு இறங்கக் காரணம்.

2. நெரிசலில் இயல்பாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் அடைப்பு, உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய் உள்வாங்கி நசுங்குதல், வாட்டர் பம்ப்பின் இறக்கை அரித்துப்போதல், இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருத்தல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறினால் தண்ணீர் குறைவாக இருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். மேல் குழாயும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருக்க எஞ்சின் மட்டும் கொதித்தால் தெர்மோஸ்டாட்டின் மீது ஐயம் வலுக்கும். மேல் குழாய் கடுஞ்சூடாகவும் கீழ்க் குழாய் ஏறக்குறைய குளிர்ந்தும் இருந்தால் ரேடியேட்டரில் நீரோட்டம் தடைபட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

4. தண்ணீர் அடிக்கடி குறைந்து, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் வழியே எரிவாயு கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். இதை எந்த விசிறியாலும் சரிசெய்ய முடியாது. இதைப் பார்க்க, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

5. எல்லா நிலைகளிலும் மெல்ல மெல்ல சூடு கூடிவந்தால் ரேடியேட்டரே முதற்காரணம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய கார்களில் மெல்லிய குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். வெளிப்புறத்தில் பூச்சிகளும் சேறும் தகடுகளுக்கிடையே அடைத்திருக்கும். வெளி அடைப்பை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மிதமான வேகத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்கக் கூடாது. மூடி தாங்கும் அழுத்தத்தால்தான் நீரின் கொதிநிலை உயர்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு தாங்கும் மூடியில் நீர் ஏறக்குறைய 111° செ. வரையும், 13 பவுண்டு மூடியில் ஏறக்குறைய 118° செ. வரையும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் 100° செ.-லேயே கொதித்து வழியும். புது மூடி வாங்கும்போது அந்தக் காருக்குரிய அளவையே வாங்க வேண்டும். கூடுதல் அழுத்த மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புகள் விட்டுப்போகும்.

பெல்ட் விசிறியைச் சோதித்தல்

எஞ்சினை நிறுத்தி, குளிர்ந்த பிறகு சோதிக்க வேண்டும். இரண்டு புல்லிகளுக்கிடையே பெல்ட் நீளமாக ஓடும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. அளவு தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ட் நழுவும். அப்போது விசிறி மட்டுமின்றி வாட்டர் பம்ப்பும் டைனமோவும் சேர்ந்தே தளரும். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப்பின் பேரிங் விரைவில் போகும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, உட்புறம் வெடித்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

விசிறியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டமும், பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர்க்கசிவும் இருந்தால் பம்ப் தேய்ந்துவிட்டது எனப் பொருள். இறக்கைகளின் அடியில் விரிசல் இருக்கிறதா என வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட இரும்பு இறக்கை வேகத்தில் முறிந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும், ஆளையும் காயப்படுத்தும். வளைந்த இறக்கையைத் தட்டி நிமிர்த்திப் போடுவதைவிடப் புது விசிறி வாங்குவதே நல்லது.

கழற்றிய விசிறியைத் திருப்பிப் போட்டுவிடுவதும் உண்டு. திருப்பிப் போட்டாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கமாகிவிடுவதால் அதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கிளட்ச் விசிறியைச் சோதித்தல்

எஞ்சின் நின்றிருக்கும்போது விசிறியைக் கையால் சுழற்றினால் இலேசான தடையுடன் சுழல வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்றுகள் ஓடினால் உள்ளே எண்ணெய் வடிந்துவிட்டது. கிளட்ச்சின் நடுவிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஆரம்போல் பரவியிருப்பதும் அதற்கு அடையாளம். சற்றும் நழுவாமல் இறுகியே இருந்தால் சூடேற்றம் இராது. ஆனால் எப்போதும் இரைச்சல் இருக்கும், எரிபொருளும் வீணாகும்.

மின்விசிறியைச் சோதித்தல்

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் அளவு. தண்ணீர் குறைந்து வெப்ப சுவிட்ச் உள்ள இடத்தில் காற்று நின்றுவிட்டால், எஞ்சின் கொதித்தாலும் சுவிட்சுக்கு அது தெரியாது. விசிறி ஓடாது. இந்நிலையில் நல்ல மோட்டாரைக் கழற்றி மாற்றுவது வீண்செலவு.

தண்ணீர் சரியாக இருந்தால் வரிசையாகப் பின்வருமாறு பார்க்கலாம்.

1. ஃபியூஸ் எரிந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். புது ஃபியூசும் உடனே எரிந்தால் மோட்டார் இறுகியுள்ளது, அல்லது ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது.

2. இக்னிஷனைப் போட்டு, ரேடியேட்டரில் உள்ள இரட்டை ஒயர் வெப்ப சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரு ஒயர்களையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். விசிறி ஓடினால் மோட்டாரும் ஒயரிங்கும் நன்றாக உள்ளன. கோளாறு சுவிட்சில். ஒற்றை ஒயர் சுவிட்சாக இருந்தால் அந்த ஒயரை எஞ்சின் உலோகத்தில் தொட்டுப் பார்க்கலாம். கணினி கட்டுப்படுத்தும் பிற்காலக் கார்களில் இவ்வாறு செய்யக் கூடாது.

3. விசிறி ஓடவில்லை என்றால், மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸ் பொருத்திய தனி ஒயர்களால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் மோட்டார் பழுது. கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதே வழக்கமான காரணம்.

4. நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, வழக்கமான ஒயரில் ஓடவில்லை என்றால் ரிலேயைப் பார்க்க வேண்டும். ரிலேயில் 30 பேட்டரி வரவு, 87 விசிறிக்குச் செல்வது, 85, 86 இரண்டும் உள்ளிருக்கும் சுருளுக்கானவை. அதே அளவுள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்ப்பது எளிய சோதனை.

5. விசிறி ஓடுகிறது, ஆனால் மந்தமாக ஓடுகிறது என்றால், ஓடும்போது மோட்டாரின் முனைகளில் வோல்ட் அளக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த் இணைப்பிலோ இணைப்பானிலோ துரு உள்ளது. வோல்ட் சரியாக இருந்தும் மந்தமானால் மோட்டார் தேய்ந்துவிட்டது.

6. பழுது பார்த்த பிறகு காற்றின் திசையைச் சோதிப்பது அவசியம். இரு ஒயர்களும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று, காற்றை முன்னால் தள்ளும். ஓடும் காரில் இது எதிர்க்காற்றோடு மோதி, விசிறியே இல்லாததைவிட மோசமாகும். ரேடியேட்டரின் பின்புறம் விசிறி உள்ள காரில், முன்புறம் ஒரு தாளைப் பிடித்தால் அது ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

டைரக்ட் கொடுத்தலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுதலும்

வெப்ப சுவிட்ச் பழுதானால், இக்னிஷன் போட்டதும் விசிறி ஓடும்படி ஒயரை இணைத்துவிடுவது பட்டறைகளில் உள்ள வழக்கம். இதை டைரக்ட் கொடுத்தல் என்பர். வழியில் வீடு வந்துசேர இது உதவும். நிரந்தரமாக விட்டால் மோட்டார் விரைவில் தேயும், பேட்டரிக்குச் சுமை கூடும். அதைவிட முக்கியமாக, ரேடியேட்டர் மெல்ல அடைத்துவருவது தெரியாமலே போகும். விசிறி அடிக்கடி ஓடத் தொடங்குவதே ரேடியேட்டர் தளர்வதற்கான முன்னறிவிப்பு. டைரக்ட் கொடுத்த காரில் அந்த அறிவிப்பு கிடைப்பதில்லை.

வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிவிடுவதும் அவ்வாறே. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகும். அதுவரை பெட்ரோல் அதிகம் செலவாகும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். பழுதானதைக் கழற்றினால் அதே பாகைக்குரிய புதியதைப் பொருத்துவதே சரி.

மாற்று விசிறியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் விதி, கார் வந்தபோது இருந்த அளவையே திரும்பப் போடுவது. அந்தக் கார் புதிதாக இருந்த காலத்திலும் கோடை இருந்தது. அப்போது போதுமாக இருந்த விசிறி இப்போது போதவில்லை என்றால், மாறியிருப்பது பெரும்பாலும் ரேடியேட்டரின் நிலையே. பின்னாளில் ஏ.சி. பொருத்திய கார்கள் இதற்கு விலக்கு. ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றைத் தடுப்பதுடன், தன் சூட்டையும் அதன்மீது தள்ளுகிறது. அத்தகைய காருக்குக் கூடுதல் விசிறி தேவை.

பெல்ட் விசிறியில் இறக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் குறைந்த வேகத்தில் காற்று கூடும், ஆனால் பம்ப்பின் பேரிங்குக்குப் பாரமும் கூடும். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஏறக்குறைய 25 மி.மீ. இடைவெளி வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மீது அசைவதால், இடைவெளி குறைந்தால் திடீர் பிரேக்கில் இறக்கை ரேடியேட்டரில் உரசிவிடும். தாங்கி கிழிந்த எஞ்சினில் இந்த ஆபத்து அதிகம்.

விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூட்டைப் பழுதின்போது கழற்றி, பிறகு பொருத்தாமல் விட்டுவிடுவது பழைய கார்களில் சூடேற்றத்துக்குப் பொதுவான காரணம். கூடு இல்லாவிட்டால் விசிறி தனக்கு நேரெதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் வீணாகும். புது விசிறி வாங்கும் முன் இந்தக் கூடு இருக்கிறதா எனப் பார்ப்பது செலவில்லாத தீர்வாக அமையலாம்.

பெல்ட் விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி பொருத்த விரும்பினால், மின்சாரக் கணக்கு முதலில் வேண்டும். 120 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும், தொடங்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு எடுக்கும். பழைய கார்களில் இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோ அதிக அளவாக 22 ஆம்பியர் மட்டுமே தரும். 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டுக்கு 7.5 ஆம்பியர், இக்னிஷனுக்கும் பின் விளக்குகளுக்கும் சில ஆம்பியர், விசிறிக்கு 10 என்று கூட்டினால் டைனமோவின் எல்லை வந்துவிடும். அதிலும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. மின்விசிறி ஓட வேண்டியதோ அந்நேரத்தில்தான். எனவே டைனமோ உள்ள காரில், ஆல்டர்னேட்டர் பொருத்திய பிறகே மின்விசிறியை எண்ண வேண்டும்.

பொருத்தும்போது ரேடியேட்டரின் பின்புறமிருந்து இழுக்கும் விசிறியே சிறந்தது. முன்னால் நின்று தள்ளும் விசிறி, ஓடும்போது வரும் இயற்கைக் காற்றைத் தானே மறைக்கும். விசிறியைத் தாங்க ரேடியேட்டரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகாமல், பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்து இறுக்க வேண்டும். செருகிய கட்டுகள் அதிர்வால் நீர்க்குழாய்களை அறுத்துவிடும். மோட்டாருக்குரிய ஃபியூஸ், ரிலே, தடித்த ஒயர், வெப்ப சுவிட்ச் நான்கும் சேர்ந்தே விலை கணக்கிடப்பட வேண்டும்.

பாதுகாப்பும் வழியில் செய்ய வேண்டியவையும்

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் உள்ளிருக்கும் நீர் ஒரே நொடியில் நீராவியாகச் சீறி முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். மேல் குழாயைத் துணியால் தொட்டு, சூடும் இறுக்கமும் தணிந்த பிறகே திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி தானாக ஓடத் தொடங்கும். எனவே அதன் அருகே கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பெல்ட் விசிறி ஓடும்போது துண்டு, புடவைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை அதன் அருகில் வரக் கூடாது. எஞ்சினை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கும்போது விசிறியின் சுழல்தளத்துக்கு நேரே பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

நெரிசலில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்த வேண்டும். பெல்ட் விசிறி உள்ள காரில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை இலேசாக அழுத்தினால், விசிறியும் பம்ப்பும் வேகம் பெற்றுச் சூடு தணியும். மின்விசிறி உள்ள காரில் இதனால் விசிறியின் வேகம் கூடாது. ஹீட்டர் இருந்தால் அதை முழு அளவில் திறந்துவிடலாம். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அரைமணி நேரம் காத்திருந்தால் தண்ணீர் ஊற்றுவதோடு முடியும் வேலை, தொடர்ந்து ஓட்டினால் ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்தும் வரை போகும்.